கொலுசுக்கு டச் பார்த்த நாள்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு டச் பார்க்கிற கடை.
கொலுசு வரும். கருவியை வைப்பேன்.
முப்பது எண்ணுவதற்குள் சீட்டு வந்துவிடும்:
வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு.
மிச்சத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டேன்.
சீட்டைத் திருப்பி வைப்பேன், அவர்களே படிக்கட்டும்.

பிரிசில்லா வந்து கேட்டது வேறு.
கல்லூரியில் வேதியியல். கையில் ஒரு கடிதம்.
துப்பாக்கி மாதிரி இருக்கிற என் கருவி
ஒரு நாள் வாடகைக்கு வேண்டும்,
கூட நானும்.
ஓர் அம்மனுக்கு என்றாள்.
வெள்ளிக் கவசமா என்றேன்.
இல்லை, கல்.

அடிவாரத்தில் இறங்கி நடந்தோம்.
ஏற்காடு பஸ் தலைக்கு மேலே
ஏதோ ஒரு கொண்டை ஊசியில் முனகிக்கொண்டிருந்தது.
மாந்தோப்பு தாண்டிக் கோயில்,
சாவிக்கொத்தோடு பூசாரி அர்த்தநாரி.

போன குடமுழுக்குக்கு மணலைப் பீய்ச்சியடித்துச்
சுத்தம் செய்தார்களாம்.
எண்ணெய்ப் பிசுக்கு போச்சு, சுண்ணாம்பு போச்சு,
மூக்கு நுனியும் கொஞ்சம்.
"பளிச்சுன்னு இருந்துச்சு சார், எல்லாரும் சந்தோஷப்பட்டோம்."
சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டினார்.
தூண்டுகிற அளவுக்கு அது மங்கியிருக்கவில்லை.

மணல் நுழையாத இடங்களைத் தேடினாள் பிரிசில்லா,
பல் டாக்டர் வைத்திருக்கிற குட்டிக் கண்ணாடியால்:
காது மடலின் பின்புறம். அக்குள்.
இடுப்புக்கும் முழங்கைக்கும் நடுவில்
எறும்பு போகிற சந்து.

நான் வேறெங்கே பார்ப்பேன்,
காலைப் பார்த்தேன்.
கல்லில் கொலுசு. மூன்று வடம், முத்து முத்தாய்,
திருகாணி வரைக்கும் செதுக்கியிருந்தான்.
அடி வடத்துக்குக் கீழே பள்ளத்தில்
நகக்கண் அளவு மஞ்சள்.

கருவியை வைத்தேன். பழக்க தோஷம்,
வெள்ளிக்கு வைத்த கணக்கை மாற்றவில்லை.
தங்கம் பூஜ்யம், வெள்ளி பூஜ்யம்,
தேறவில்லை என்று
அம்மனுக்கே சீட்டுக் கொடுத்தது.
அர்த்தநாரி சிரிக்கவில்லை. நானும் அடக்கிக்கொண்டேன்.

கணக்கை மாற்றியதும் திரையில் மேடுகள் எழுந்தன.
இரும்பு முதலில், பெரிசாய்.
"அது கல்லிலேயே உண்டு, நம்பாதீங்க."
அடுத்த மேட்டைப் பார்த்து உடனே சொன்னேன்: ஈயம்.
என் தொழிலில் ஈயம் தெரிந்தால்
எதிரில் இருப்பவர் முகத்தை நான் பார்ப்பதில்லை.
அவள் தலையை ஆட்டினாள். "ஈயமும் பாஷாணமும்
ஒரே இடத்தில்தான் மேடு கட்டும்.
பக்கத்து மேட்டைப் பாருங்க."
பார்த்தோம். ஈயத்துக்குரிய துணை மேடு இல்லை.
பாஷாணம். கூடவே லேசாய்க் கந்தகம்.
அரிதாரம் என்றாள்,
கூத்தாடிகள் முகத்தில் பூசிய அதே மஞ்சள்.

ஆக, பொன் கொலுசு.
பொன்னை நாம் காலில் போடமாட்டோம்,
அவளுக்குப் போடலாம்.
பொன் இல்லாதவன் விஷத்தை அரைத்துப்
பொன் போட்டிருக்கிறான்.
இதைக் கலப்படம் என்று எழுத
என் சீட்டில் இடமிருக்கிறது.
கை வரவில்லை.

காதுக்குப் பின்னால் பாதரசம்: சாதிலிங்கச் சிவப்பு.
பூ வைத்திருந்தாளோ என்னவோ.

அக்குளில் மூன்று தரம் வைத்தும்
கல்லின் இரும்புதான் வந்தது.
ஒன்றுமில்லை என்றேன்.
"அப்படிச் சொல்லாதீங்க. அவுரியாய் இருந்தால்
உங்க கருவிக்குத் தெரியாது.
செடிச் சாயம், இதன் கண்ணுக்குப் படாத சரக்கு.
வேற ஒளி கொண்டுவரணும், தை பிறக்கட்டும்."
அப்போ அம்மன் நீலமா என்றார் அர்த்தநாரி.
இருக்கலாம் என்றாள்.
இல்லாமலும் இருக்கலாம் என்றாள், அதே குரலில்.
மறுநாளைக்குச் சாத்த வைத்திருந்த நீலப்புடவையை
அவர் எடுத்தார், பிரித்தார்,
மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

திரும்புகையில் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில்
பஸ் நின்றது. கீழே சாயப்பட்டறைத் தண்ணீர்.
அன்றைக்கு ஊதா.
அதற்குக் கருவி தேவைப்படவில்லை.

காலையில் முதல் கொலுசு.
செம்பு கொஞ்சம் கூட. சீட்டை நீட்டினேன்.
"வேற ஒண்ணும் இல்லையே?"
கருவியைப் பார்த்தேன்.
"இதுக்குத் தெரிஞ்ச வரைக்கும்."
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப்
பக்கத்துக் கடைக்கும் கொண்டுபோனார்.